சோளக்காட்டுப் பாலம்

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் காலைப் பாசஞ்சரில் தமயந்தி எப்போதும் மலைப்பக்கத்து ஜன்னலோரம்தான் உட்காருவாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் அவளுக்கு வேலை. ஆயக்குடி தாண்டியதும் சோளக்காட்டுக்கு நடுவே சின்னதாக ஒரு கல்பாலம் தெரியும். மேலே பாதை கிடையாது, கீழே தண்ணீர் ஓடும் வாய்க்காலும் கிடையாது. அதை யார் எதற்குக் கட்டினார்கள் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

எதிர் சீட்டில் வரும் ஆஃப்ராவிடம் ஒருநாள் கேட்டாள். ஆஃப்ரா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். முதலில் ஜமீன்தார் குதிரை போன வழி என்றாள். சில நாள் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டாள். பாலத்திலிருந்து ஒரு மண்மேடு மெல்ல வளைந்து ரயில் பாதையோடு வந்து சேர்ந்தது. அதைக் காட்டி, “மாட்டுவண்டிப் பாதைன்னா இவ்வளவு நிதானமா வளையாதுக்கா. இது ரயில் போன வளைவு” என்றாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடக் கடைசி அது. அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இனி பஸ்தான். பஸ் ரோட்டிலிருந்து பாலம் தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆயக்குடியில் இறங்கி, காட்டுவழியே நடந்தார்கள்.

மேட்டில் ஏறியதும் காலுக்கடியில் உடைத்த கருங்கல் நறநறத்தது. பாலத்தை நெருங்கும்போது ஒருவர் மண்வெட்டியோடு குறுக்கே வந்து நின்றார். காட்டுக்காரர் வேலப்பன்.

“அளக்க வந்திருக்கீங்களா?”

பார்க்கத்தான் வந்தோம் என்று தமயந்தி சொன்னதை அவர் நம்பவில்லை.

“இங்க ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கப்பன் வாங்குன காடு இது. போயி வேற சோலியப் பாருங்க.”

ரயில்வேக்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் பயப்படுவது அவளுக்குப் புரிந்தது. தான் வேலை பார்க்கும் மண்டியின் பெயரைச் சொன்னாள். அவர் தக்காளி போடுவதும் அங்கேதான். மண்வெட்டி கீழே இறங்கியது. அதற்குள் அவர் மனைவி வீரம்மாள், வெயிலில் நிற்காமல் வந்து தண்ணீர் குடிக்கச் சொல்லி மாட்டுக்கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்.

கொட்டகையின் நான்கு தூண்களும் தண்டவாளங்கள். ஆஃப்ரா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலப்பனே சொன்னார். நிலம் வாங்கியபோதே அவை இங்கே கிடந்தனவாம். எங்கிருந்து வந்தன என்று அவருக்கும் தெரியாது. விசாரித்தால் நிலம் போய்விடுமோ என்று அப்பாவும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

“எனக்கு மட்டும் கேக்கணும்னு இருந்துச்சு, வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து” என்றாள் வீரம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

மேடு மலைப்பக்கமாகப் போய்க் கொய்யாத்தோப்புக்குப் பின்னால் முடிந்தது. அங்கே பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர். ஓரத்துப் பாறைகளில் வரிசையாக வெடி வைக்கத் துளைத்த குழிகள். தமயந்தி குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். நீலம் பாய்ந்த கருங்கல். மேட்டில் கிடந்ததும் இதேதான். ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு நடுவே தினமும் பார்ப்பதும் இதேதான். பாதைக்குப் பரப்பிய ஜல்லியை இங்கே உடைத்து, இந்த மேட்டு வழியாக ரயில் பெட்டிகளில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆஃப்ரா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நாம தெனமும் இந்தக் குழி மேலதான் போயிட்டு வந்திருக்கோம்” என்றாள்.

திரும்பும்போது, வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று வேலப்பன் கேட்டுக்கொண்டார். தமயந்தி ஒப்புக்கொண்டாள். ஆனாலும், தான் போய்க் கிளறியதால் அவர்களுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று வெகுநாள் அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

தை மாதத்தில் ரயில் நின்றது. பழைய தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். வேலை பிரதான பாதையோடு நின்றுவிட்டது. காட்டுப்பக்கம் ஒருவரும் வரவில்லை. மண்டிக்குத் தக்காளி கொண்டுவந்த வீரம்மாள் இதைச் சொன்னபோதுதான் தமயந்திக்கு மூச்சு வந்தது.

கூடைகளை இறக்கியதும் வீரம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்புட்டு ஆழத்துலருந்து கல்ல எப்படித் தாயி மேல ஏத்துனாங்க?”

தமயந்தி அதை யோசித்திருக்கவில்லை.

“வைகாசியில தண்ணி வத்திரும். அந்த ஜவுளிக்கடைப் பிள்ளையவும் கூட்டிக்கிட்டு வெள்ளனே வா. எறங்கிப் பாத்துருவோம்.”

தக்காளி வண்டியில் சாய்ந்து நின்ற வேலப்பன், வீட்டில் நல்ல வடக்கயிறு கிடக்கிறது என்றார்.