கயஹோகாவில் நிலம் பார்த்தோம்

என் கணவர் வெண்டெலுக்குச் சிறுநீரகங்கள் கைவிட்ட வருடம் நாங்கள் மாடுகளை விற்றோம். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒஹாயோவின் தென்கோடியில் இருந்த எங்கள் பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகவே அரைநாள் ஆகிவிடும். பனி பெய்தால் அந்தப் பாதையும் மூடிக்கொள்ளும்.

"கிளீவ்லேண்ட் பக்கம் போயிடலாம். கயஹோகா மாவட்டத்துல இடிச்ச வீட்டு மனையெல்லாம் சும்மா கெடக்குதாம். தோட்டம் போட ஆளுங்களுக்குக் குடுக்கறாங்களாம்" என்றேன்.

"டவுனுக்குள்ள போயி என்ன வளக்கச் சொல்ற மார்லீன்? ஜன்னல்ல புதினாவா?"

"வந்து பாரு. பிடிக்கலன்னா திரும்பிடலாம்."

பிடிக்காது என்ற முடிவோடுதான் வந்தார். வண்டியின் பின்னால் மண்வெட்டியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தெரு. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு இல்லை, அந்த இடங்களில் புல். நாங்கள் பார்க்க வந்த மனையும், அதை ஒட்டி விற்பனைக்கு நின்ற சின்ன வீடும் தெருவின் நடுவில் இருந்தன. வெண்டெல் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய்த் தோண்ட ஆரம்பித்துவிட்டார். செங்கல் வந்தது, கண்ணாடி வந்தது, பாதிக் கதவுக் கைப்பிடி ஒன்று வந்தது.

"மண்ணா இது? வீட்டோட பொணம்" என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கறுப்பினத்தவள். பஸ் ஓட்டுநரின் சீருடையைப் பாதி கழற்றியபடியே வேலியருகில் வந்து நின்றாள்.

"ஏங்க மிஸ்டர், யாரையாவது பொதைக்கறீங்களா, இல்ல வெளிய எடுக்கறீங்களா?"

வெண்டெல் நிமிர்ந்து பார்த்தார். "நிலம் பாக்க வந்தோம்."

"நிலத்தக் கீழ தேடுனா கெடைக்காது. மேலதான் போடணும். வாங்க, காட்டறேன்."

அவள் பெயர் வெர்னிஸ். அவளுடைய வீட்டின் பின்புறத்தைப் பார்த்ததும் என் கணவர் மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டார். இரண்டு மனைகளைச் சேர்த்து வளைத்திருந்தாள். மரச்சட்டம் அடித்து இடுப்புயரத்துக்கு எழுப்பிய பாத்திகளில் கீரையும் பீன்ஸும் தக்காளியும் நெருக்கியடித்து நின்றன. கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீருக்குப் பீப்பாய்கள். கோழிகள். சுவரோரமாக இரண்டு தேன்பெட்டிகள். வெண்டெல் ஒரு பாத்தியில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். கறுத்து, பொலபொலவென்று, புழுக்கள் நெளியும் மண்.

"இது எங்கேர்ந்து?"

"ஊருதான் குடுத்துச்சு. இலையுதிர் காலம் வந்தா எல்லாரும் இலைய மூட்டை கட்டி வாசல்ல வெச்சிடுவாங்க. குப்பைவண்டி வர்றதுக்குள்ள நான் போயிடுவேன். காப்பிக் கடைக்காரன் சக்கையப் போடுவான். போலீஸ் குதிரை லாயத்துல சாணி, அள்ளிட்டுப் போறியா தாயேன்னு அவங்களே கெஞ்சுவாங்க."

வெண்டெல் என்னைப் பார்த்தார். பண்ணையில் உரத்துக்காக நாங்கள் பட்டபாடு எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

அதன்பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. வெயில் எத்தனை மணி வரை விழும், முதல் உறைபனி எப்போது, கோழியை எது தூக்குகிறது. ஏரி பக்கத்தில் இருப்பதால் இலையுதிர் காலம் இங்கே நீண்டு கிடக்கும், எங்கள் பண்ணை மேட்டில் கருகிப்போன பிறகும் இங்கே மிளகாய் காய்க்கும் என்று வெர்னிஸ் சொன்னபோது, நம்பாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கா தெரியாது. நம்பிவிட்டார்.

கிளம்பும்போது வெர்னிஸ் சொன்னாள்: "நீங்க எங்க தெருவப் பாத்தாச்சு. தெரு உங்களப் பாக்க வேணாமா? ஞாயித்துக்கெழமை சர்ச்சுல சேந்து சாப்பிடுவோம். வாங்க."

போனோம். எங்கள் கடைசிப் பாலில் செய்த பாலாடைக்கட்டியை எடுத்துப் போனேன். சர்ச்சின் அடித்தளத்தில் நீள மேசைகள். மக்ரோனியும் பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரையும் பரப்பியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் திரு. பிக்கெட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் வெண்டெலின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒளிக்காம கேக்கறேன். மனைய வாங்கிப் போட்டுட்டு, வெல ஏறுனதும் வித்துட்டுப் போனவங்கள நாங்க பாத்திருக்கோம். நீங்க எந்த ரகம்?"

வெண்டெலுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"வாரத்துல மூணு நாள் மெஷின்ல கெடப்பேன்" என்றார். "மத்த நாள்ல காலைல எழுந்திரிச்சா, போயிப் பாக்க ஏதாவது உசுரு வேணும். மாடு வித்ததுலேர்ந்து சும்மா நின்னுட்டிருக்கேன். அதான் வந்தேன். விக்கறதுக்கு எனக்கு ஆயுசு இல்ல."

பிக்கெட் பாலாடைக்கட்டியில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.

"இத எப்படிச் செய்யறதுன்னு சொல்லித் தருவீங்கல்ல?"

"பாலு எங்க இருக்கு?" என்றார் வெண்டெல்.

"பால நான் கொண்டாறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கோடையில் குடிவந்தோம்.

பாத்திகள் எழுப்ப வெண்டெலுக்குத் தெம்பு போதவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் பழந்துணிபோலக் கிடப்பார். சனிக்கிழமைகளில் யாராவது வந்து பலகை அறைந்துவிட்டுப் போவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வார். "கோணலா இருக்கு" என்பார். "உங்க மூஞ்சியவிட நேராத்தான் இருக்கு" என்பாள் வெர்னிஸ். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு நாளாகியிருந்தது.

டிசம்பரில் ஏரியிலிருந்து பனி கிளம்பி வந்தது. விடிந்து பார்த்தால் வண்டியையே காணோம். அன்று டயாலிசிஸ் நாள். வெண்டெல் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். பண்ணையில் இப்படி விடிந்தால் தனியாளாக வழி வெட்டியே பாதி உயிர் போகும். நான் கதவைத் திறந்தேன்.

எங்கள் படியிலிருந்து பெரிய சாலை வரை ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தெரு வெட்டி விடப்பட்டிருந்தது. தொலைவில் பிக்கெட்டும் இன்னும் நாலைந்து பேரும் மண்வாரியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெர்னிஸ் எங்கள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸே ஓட்டறேன், இது என்ன" என்றாள். "நீங்க பின்னால உக்காருங்க."

வெண்டெல் வழியெல்லாம் ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் எங்கள் பழைய ஊர்க்காரர் கிளெம் போன் செய்தார். அவருக்கும் வயதாகிறது. அந்த மாவட்டத்தில் ஒரு மனுஷன் பிழைக்க முடியுமா என்று கேட்டார். வெண்டெல் முட்டைக் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"சேவல் வெச்சிக்க விடமாட்டாங்க. மத்தியானத்துக்கு மேல அபார்ட்மெண்ட் நிழல் விழுது. தோண்டுனா செங்கலுதான். பெருச்சாளி ஒண்ணு என் முட்டைக்கோசையெல்லாம் தின்னுட்டுது."

கிளெம் ஏதோ சொன்னார்.

"இல்ல, இல்ல. எதிர் வீடு காலியா இருக்கு, வெயிலும் நல்லா விழும். சீக்கிரம் வா. வர்றப்போ மண்வெட்டி வேணாம், சாப்பிட ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வா. இவங்க உன்னப் பாக்கணும்."