ராமாமிர்தம் பூட்டிய எஞ்சின்

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ராமாமிர்தத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் திடீரென்று இயந்திர ஞானம் பிறந்தது. வெலிமடையில் ஒரு கிழங்குக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை லொறியில் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார். எஞ்சினைத் தானே பிரித்துத் தானே பூட்டப்போவதாகப் பேஸ்புக்கில் அறிவித்தார். உதவிக்கு வரவா என்று கேட்ட லேத் பட்டறை ஜௌபரிடம், யூடியூப்பில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கப்போகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான்கு மாதம் அந்த வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. இட்லிச் சட்டியில் கார்பரேட்டர் ஊறியது. ஒரு நட்டைக் கழற்றினால் மூன்று படம் எடுப்பார். இந்தியாவிலிருந்து வந்த புது பிஸ்டனைப் பிறந்த பிள்ளைபோல ஏந்திக்கொண்டு அவர் நின்ற படத்துக்கு இருநூறு பேர் இதயம் போட்டார்கள்.

மனைவி யசோதினி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் தைக்குமுன் கத்தி, கத்தரி, பஞ்சு என்று எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்பது அவள் வேலை. எஞ்சினைப் பூட்டி முடித்த ஞாயிறு மதியம் மேசையைத் துடைத்தபோது சின்னக் கம்பி வளையம் ஒன்று அவள் கையில் அகப்பட்டது.

"இது எங்க போகணுங்க?"

பார்த்ததுமே ராமாமிர்தத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிஸ்டனின் குறுக்கே போகும் இரும்புத் தண்டு நழுவாமலிருக்க இரு பக்கமும் போடுகிற வளையங்களில் ஒன்று அது. ஆனால் நாலு மணிக்கு ஆட்களை வரச்சொல்லியிருந்தார், வடைக்கும் சொல்லியாகிவிட்டது.

"அது உபரி. வெள்ளைக்காரன் எப்பவும் ஒண்ணு கூடத்தான் வைப்பான்."

"பிஸ்டன் இந்தியாவுல இருந்துதானே வந்துச்சு? எங்க தியேட்டர்ல எண்ணிக்கை ஒண்ணு இடிச்சாலும் தைக்க விடமாட்டோம்."

"இது மனுசன் இல்ல, யசோ."

பதினோராவது உதையில் எஞ்சின் உயிர்பெற்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஃபோன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ராமாமிர்தம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு எஞ்சின் அடங்கிவிட்டது. அவர் முதலில் பெட்ரோலைக் குற்றம் சொன்னார், பிறகு பதுளைக் குளிரை, கடைசியில் செத்து மண்ணாகிப்போன இங்கிலாந்துத் தொழிலாளிகளை. உள்ளே எதுவோ கீறியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்ன ஜௌபர், இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

வண்டியைப் பெட்ஷீட்டால் மூடிவைத்தார் ராமாமிர்தம். யசோதினி மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "தெரிஞ்சுதான் உபரின்னு சொன்னேன்," என்றார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். பிரிங்க."

அவளுடைய விடுமுறை நாளில் தரையில் தியேட்டரில் விரிப்பதுபோலப் பச்சைத் துணி விரிந்தது. கழற்றிய ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் சொல்ல, அவள் இலக்கமிட்டு எழுதிக்கொண்டாள். ஜௌபர் கேலி பேசாமல் சிலிண்டரைக் கடைந்து புது உறை போட்டுக் கொடுத்தார். திரும்பப் பூட்டும்போது, இலக்கத்தை உரக்கச் சொன்னால்தான் அடுத்த சாமான் ராமாமிர்தத்தின் கைக்கு வந்தது. மூன்று ஞாயிறு இப்படிக் கழிந்தபின் துணி வெறுமையானது. யாரையும் அழைக்கவில்லை. இரண்டாவது உதையிலேயே எஞ்சின் ஓடியது. ராமாமிர்தத்தின் கண் கலங்கியதை அவள் மட்டும் பார்த்தாள்.

மறுவாரம் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பட்டறை வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே ஜௌபரிடம் சொன்னார்: "எதையும் எண்ணிச் செய்யணும், ஜௌபர். இப்ப யசோவையும் அதுக்குப் பழக்கிட்டேன்."

ஜௌபர் யசோதினியின் முகத்தைப் பார்த்தார்.

"வண்டிய எடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு," என்றாள் அவள்.