ஜன்னலுக்கு வெளியே நீண்ட குழாய்

வீட்டின் ஓர் அறைக்குள் றுஸ்னா நிறுத்தியிருந்த செடி வளர்ப்புக் கூடாரத்தில், பச்சையாக உண்ணும் சலாது இலைகளை இரண்டு தடவை பூஞ்சணம் தின்றுவிட்டது. மூன்றாவதும் அழுகினால் அந்த அறையை நெல் மூட்டைகளுக்கு விட்டுவிடுவதாகக் கணவன் பர்ஸானிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அறுவடையும் நெருங்கிவிட்டது. ஈரப்பதம் காட்டும் கருவியோ எண்பத்தெட்டிலிருந்து இறங்க மறுத்தது.

"கடல்காத்து உப்பு. பட்டா இலை கருகிரும்" என்று ஜன்னலை இறுகச் சாத்திவைத்தவன் பர்ஸான்தான்.

ஒரு காலை, கூடாரத்துக்கு வெளியே நின்றவளின் முகத்திலும் ஆவி அடித்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கூடாரத்தின் காற்றாடி ஈரத்தைக் குழாய் வழியே அறைக்குள் தள்ளுகிறது. மூடிக்கிடக்கும் அறை அதையே கூடாரத்துக்குத் திருப்பி அனுப்புகிறது! ஜன்னலைத் திறந்து, அந்தக் காற்றுக் குழாயை வெளியே நீட்டினாள். புதுக்காற்று நுழையக் கதவையும் கூடாரத்தின் கீழ்வாயையும் திறந்துவிட்டாள்.

மாலைக்குள் கருவி அறுபத்தைந்தைக் காட்டியது. இரண்டே வாரத்தில் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. ஒன்றிலும் புள்ளியும் இல்லை, கருகலும் இல்லை.

மூட்டைகளோடு வந்த பர்ஸான், "என்ன புள்ள, கூடாரத்த இன்னும் கழட்டல்லயா?" என்றான்.

அவன் வாயில் ஓர் இலையைத் திணித்தாள். மொறுமொறுவென்று மென்றான்.

"மாஷா அல்லாஹ்! அப்ப மூட்டய எங்க வைக்கிற?"

"ஒங்கட கட்டிலச் சுத்தி நல்ல இடம் கிடக்கு. அடுக்குங்க."

பர்ஸான் சிரித்துக்கொண்டே முதல் மூட்டையைப் படுக்கையறைக்குத் தூக்கினான்.