தெய்வநாயகி கொடுக்காத சம்மதம்

1
இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் கதையும் எழுதுவேன். அதை நம்பி ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவில் என்னைப் பொதுமக்கள் பிரதிநிதியாகப் போட்டார்கள். ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர்களுக்குக் கெடுதல் வராமல் பார்ப்பது குழுவின் வேலை. அதற்கு மாமல்லபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி.

2
கடப்பாக்கத்தில் இறால் விற்கும் தெய்வநாயகி, தன் சிவப்பு

(நிறுத்திவிட்டேன். ஊர், பெயர், சரக்கு மூன்றுமே மாற்றியவை. சிவப்பு எது என்று சொல்வதாக இல்லை.)

அவள் ஒரு மருந்துச் சீட்டை நகல் எடுக்க என் கடைக்கு வந்தாள். நான் படித்துவிட்டதைப் பார்த்து, நோயை வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருப்பதைச் சொன்னாள். மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். நான் பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்கி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். (இந்த வரியை அடித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை.)

3
பயிற்சி கொடுத்த டாக்டர் ஸ்ரீதேவி, ஒரு நோயாளியைப் பற்றிப் பெயரே இல்லாத ஓர் ஆய்வறிக்கையைக் கொடுத்து, அவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஊரும் தொழிலும் வயதும் போதுமாம்.

என் கதையிலும் அந்த மூன்றும் அப்படியே இருந்தன. வெளியே ஓடிப் பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். இதழ் மறுநாள் அச்சுக்குப் போகிறதாம். கதையை எடுத்துவிடச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, எடுத்துவிட்டார். அப்பாடா! கடற்கரை மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

4
முடிவு அ: அவளிடம் சொல்லாமல் விடுவது. எனக்கு ரொம்ப வசதி.

முடிவு ஆ: அவள் கடைக்கு வந்து என்னைக் கிழி கிழி என்று

(எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.)

நடந்தது இதுதான். அவளிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பயிற்சியில் சொன்னபடி முறையாகச் சம்மதம் கேட்டேன். மறுக்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"அப்போ என் கதய வுட்டுடு, அண்ணாத்த. நீ பயந்துகினு ஓடியாந்த பாரு, அத்த எய்திக்கோ."

பெரிய பாரம் இறங்கியது. அவள் எழுதச் சொன்னதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

5
கல்யாணம் தை மாதம். (மாதமும் மாற்றியதுதான்.) நல்லபடியாக நடக்குமா என்பது என் கையில் இல்லை. இவ்வளவு மறைத்தும் அவள் யாரென்று உங்களுக்குப் பிடிபட்டால், கல்யாணத்துக்குப் போங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். ஒன்றும் பேசாமல் திரும்பி வாருங்கள்.