1143ஐத் தாண்டு

புதிய கணினி நிரல் ஓடுவதற்கு இன்னும் நாற்பத்தேழு மணித்தியாலம் இருந்தது. அப்போது புதன்கிழமை காலை பத்து மணி. வெள்ளி ஒன்பதுக்குப் பழைய பதிவுகள் எல்லாம் ஒருமுறை அதற்குள் போகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் அச்சாகும்.

பழைய நிரலை எழுதியவள் நிருஷா. சுனாமி வந்த அடுத்த மாதம், பட்டப்படிப்பை முடித்த கையோடு, மட்டக்களப்பு நகரத்திலிருந்த இந்த நிவாரண அலுவலகத்தில் சேர்ந்து எழுதினாள். காணாமல் போனவர்களைத் தேடிக் குடும்பங்கள் கொடுத்த பெயர்களை அது மற்றப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும், கண்டதைக் கடிதமாக்கும். நாலரை வருடம் முகம் கோணாமல் வேலை செய்தது. இப்போது யுத்தம் முடிந்து வன்னிப் பக்கத்துப் பட்டியல்கள் வந்து குவிய, அதற்கு மூச்சு முட்டியது. எல்லாவற்றையும் ஜாவா என்ற கணினி மொழியில் புதிதாக எழுதுவதற்கு ரதீஸை எடுத்திருந்தார்கள். வாழைச்சேனைப் பெடியன், கொழும்பில் படித்தவன், வாய் ஓயாதவன்.

"அக்கா, இஞ்ச வாங்களன். பதிவு 1143 எண்டா ஒண்டும் செய்யாமத் தாண்டிப் போ எண்டு ஒரு வரி கிடக்கு. என்ன இது?"

"அது கிடக்கட்டும்."

"காரணமும் எழுதல்ல. முந்தாநாள்தானே எனக்குப் பேச்சுத் தந்தீங்க, காரணம் எழுதாத வரிய எழுதப்படாது எண்டு?"

நிருஷா திரையைப் பார்த்தாள். 1143 அவளுடைய வீடு. குருக்கள்மடம், விண்ணப்பித்தவர் வசந்தாதேவி, அவளுடைய அம்மா, தேடப்படுபவர் தங்கச்சி கலாஜினி. அந்த வரி போனால் அம்மாவின் கைக்கு ஒரு கடிதம் போகும். அதைத் தடுப்பதற்கென்றே எழுதிய வரி அது. ரதீஸ் பதிவைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அம்மாவின் பெயர் அவனுக்குத் தெரியாது.

"உங்கட மொழியும் பழசு, உங்கட வரியும் பழசு," என்றான் அவன். "எனக்கு அஞ்சு மொழி தெரியும் அக்கா."

"அஞ்சிலயும் வணக்கம் சொல்லத் தெரியும். ஒண்டிலயாவது சோறு கேக்கத் தெரியுமா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் இப்படிப் பேசுவது மாதத்தில் ஒரு தரம்தான், அதுவும் மொழிகளைப் பற்றி மட்டும். புத்தகத்தைப் பார்த்து வரும் மொழி கையில் நிற்காது என்பாள். ஒரு வரியையும் வெட்டி ஒட்டாதே, விரலால் அடி. இன்று எழுதியதை அழித்துவிட்டு நாளைக்குப் பாராமல் எழுது. முதல் மொழிதான் வருடக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஊர் மாறிப் போய்க் குடியிருப்பது மாதிரி, கடை எங்கே கிணறு எங்கே என்று தெரிந்தால் போதும்.

அந்த முதல் மொழியை அவள் படித்த விதத்தை யாருக்கும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் கணினிக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். வீட்டில் கொப்பியில் எழுதுவாள். கலாஜினி கணினியாக இருப்பாள். நாலு நெருப்புப் பெட்டிகளை வரிசையாக வைத்து, வரி வரியாக வாசித்து, துண்டுக் கடதாசியில் இலக்கம் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் போடுவாள், எடுப்பாள். ஒரு நாள் நிறுத்தும் நிபந்தனையை நிருஷா எழுத மறந்துவிட்டாள். கலாஜினி சோற்றுக்கும் எழும்பாமல் துண்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். அம்மா ஏசினாள். "நான் மெசின் அம்மா, எனக்கு மூளை இல்ல. அக்கா எழுதினதத்தான் செய்வன்," என்றாள்.

நினைத்ததை அல்ல, எழுதியதையே செய்கிற ஒருவர் எதிரில் இருக்கவேண்டும். நிரல் எழுதப் பழகுவது என்றால் அதுதான் என்று நிருஷா நம்பினாள். பிறகு தனியே இன்னும் மூன்று மொழிகள் படித்தாள். லேசாக வந்தன. பிழை விட்டால் சிரிக்க ஆள் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வவுனியாவுக்கு பஸ் ஓடுதாம் புள்ள. அங்க முகாமில சனம் நிறைஞ்சு கிடக்காம். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மகனத் தேடிப் போறா. நானும் போறன், சனிக்கிழமை."

"நீங்க என்னத்துக்கு?"

"கலாவ அண்டைக்கு ஆரும் தூக்கிக்கொண்டு போயிருந்தா? கடல் எடுத்ததுகள் எல்லாம் கரைக்கு வந்துதே, அவள் வரல்லியே. கந்தோரில நீதானே எல்லாப் பேரையும் பாக்கிறாய். பாத்துச் சொல்லன் மனே."

"பாக்கிறன்," என்றாள் நிருஷா.

வியாழன் மதியம் ரதீஸ் நாற்காலியில் சாய்ந்து கைகளை நெட்டி முறித்தான். வேலை முடிந்திருந்தது.

"உங்களுக்காக அந்த வரியையும் கொண்டு வந்திட்டன். ஜாவாவிலயும் அது விசர் வரிதான்."

அவள் பார்த்தாள். மற்ற வரிகளைப் போலவே நேராக, ஒழுங்காக நின்றது. பேசாமல் விட்டால் இன்னும் பத்து வருடத்துக்கும் நிற்கும். அம்மா சனிக்கிழமை கலாஜினியின் படத்தோடு பஸ் ஏறுவாள். முகாம் முகாமாய்க் கம்பி வேலியடியில் நிற்பாள். பிறகு வேறொரு ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவாள்.

"எழும்பு தம்பி, கொஞ்சம்."

அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள். மூன்று பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது 1143. பிழை ஒன்றும் இல்லை. அச்சு இயந்திரம் கடிதத்தைத் தள்ளியது. அவள் அதை வாசிக்காமல் நாலாக மடித்தாள்.

"அப்ப காரணம் என்னக்கா?"

"அந்த வரி பிழை. நான் விட்ட பிழை." கைப்பையை எடுத்தாள். "நாளைக்கு ஒன்பதுக்கு நீயே ஓட்டு. நான் வரமாட்டன்."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகக் கல்முனை பஸ்ஸில் ஏறினாள். கல்லடிப் பாலத்தில் காற்று அடித்தது. வாவியில் இரண்டு தோணிகள் நின்றன. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து ஏறும்போது, சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் பாதியில் நின்றது.

அம்மா உடுப்புப் பையைத் திறந்து வைத்து இரண்டு சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மேலே கலாஜினியின் படம் கிடந்தது.

"என்ன நேரத்தோட வந்திட்டாய்? காச்சலா?"

"இல்லம்மா. கொஞ்சம் இருங்க."

"பேர் இருந்ததா? எந்த முகாம்?"

நிருஷா பையிலிருந்த கடிதத்தை வெளியே எடுத்தாள். நீட்டவில்லை. அம்மாவுக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்கம்மா. பேர் நாலரை வருசமா இருக்கு. நான்தான் உங்களுக்கு வராமப் பாத்துக்கொண்டன்."

"என்ன புள்ள சொல்றாய்?"

"கலாவத் தேடிட்டு நான் வரக்குள்ள நீங்க கோயிலடியில மயங்கிக் கிடந்தீங்க. கண்ணத் திறந்து, அவளக் கண்டியா எண்டு கேட்டீங்க. இல்ல எண்டன்."

அம்மாவின் கை சேலையின் மடிப்பிலேயே நின்றது.

"கண்டன் அம்மா. கடல் வந்த ரெண்டாம் நாள், கல்லடியில, பள்ளிக்கூட மண்டபத்தில. நான்தான் அடையாளம் சொல்லிக் கையெழுத்து வெச்சது. நிண்டு பாத்து மண்ணுக்குள்ள தாட்டிட்டுத்தான் வந்தன். கலா செத்துப் போயிட்டாள்."