மஞ்சள் மண் சிவந்த மதியம்

இருபது வருடமாக மாமனாரின் பெயிண்ட் பட்டறையில் நிறம் கலப்பவர் மூத்த மருமகன். டப்பாவை முகர்ந்தே எந்தச் சாயம் என்று சொல்லிவிடுவார். ஆனாலும் போன வருடம் வந்து சேர்ந்த சகலையைத்தான் மாமனார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அப்படி என்ன செய்துவிட்டான்? மண்ணை வாளியில் கரைத்து, தெளியவைத்து, துணியில் வடிகட்டி, காயவைத்துச் சுவருக்குப் பூசினான். குழந்தை விளையாட்டு!

"என் தங்கச்சி புருஷன் மண்ணையும் பொன்னாக்குறாரு. நீங்களும் இருக்கீங்களே!" என்று வீட்டில் மனைவி வேறு. மூத்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய நூலகத்துக்கு நிறம் தேடி ஒரு கட்டட வடிவமைப்பாளர் அம்மா வந்தார். நெடி இல்லாத, பிளாஸ்டிக் கலக்காத பூச்சு வேண்டுமாம். வாசல் கல்லில் நிறம் செய்தவர் பெயரையும் பொறிப்பார்களாம். அது சகலையின் பெயர்தான் என்று மாமனார் அப்போதே முடிவு கட்டிவிட்டார். மூத்தவருக்கு வந்தது சாதாரணப் பொறாமை இல்லை.

மாதிரி காட்டும் நாளன்று சகலை ஒரு தட்டு மஞ்சள் மண்பொடியைக் காயவைத்துவிட்டு, அந்த அம்மாவை அழைத்துவரப் போனான். பட்டறையில் வேறு யாரும் இல்லை. இரும்புக் கதவுகளுக்குப் பூசிய பெயிண்டைச் சுட்டு இறுக்கும் பெரிய அடுப்புக்குள் தட்டைத் தள்ளினார் மூத்தவர். சூட்டு முள்ளைக் கடைசி வரை திருப்பினார். கருகித் தொலையட்டும்!

கருகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் மஞ்சள் மண் செக்கச்செவேல் என்று இருந்தது. டப்பா பெயிண்டிலேயே காலம் தள்ளிய மனிதருக்கு, சுட்டால் மண் நிறம் மாறும் என்று யார் சொன்னார்கள்? பதறிப்போய்த் தட்டைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

அந்த அம்மாவோடு திரும்பிய சகலை, வேறு வழியில்லாமல் அதையே பலகையில் பூசிக் காட்டினான். அந்த அம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"மஞ்சள விடுங்க. இதுதான் வேணும். இருநூறு கிலோ."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று மூத்தவரின் நிலை.

நான்கு நாள் சகலை விறகடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் மண்ணை வறுத்துப் பார்த்தான். ஒரு முறை தவிட்டு நிறம், ஒரு முறை திட்டுத்திட்டாகக் கருப்பு. மூத்தவர் ஆனந்தமாக வேடிக்கை பார்த்தார். சோறும் இறங்கியது.

ஐந்தாம் நாள் அந்த அம்மா மறுபடி வந்தார். "அன்னிக்கு மட்டும் எப்படித்தான் வந்துச்சு?"

"தானா வந்துச்சும்மா. அதுல யாரோட கைவேலையும் இல்ல," என்றான் சகலை.

கைவேலை இல்லையா? இருபது வருடத்தில் ஒருவர் தொட்டுப் பார்த்து ரசித்த ஒரே நிறம் அது. அதையும் அநாதையாக்குகிறானா?

"தானா வந்துச்சாமே! முள்ளக் கடைசி வரைக்கும் திருப்பி, ரெண்டு மணி நேரம் சுட்டவன் நான்!"

நுணலும் தன் வாயால் கெடும். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு மாப்ள சுட்டீங்க?"

"கெடுக்கத்தான்," என்றார் மூத்தவர். "எல்லாரும் இவனையே பாத்தா நான் எங்க போறது?"

சகலையின் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டையும் பேனாவையும் எடுத்தான்.

"மண்ணு தானா சிவக்காதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணே? நீங்களே சொல்லணும்னுதான் காத்திருந்தேன். கடைசி வரைக்கும்னா, எத்தன டிகிரி?"