சொல்லாமல் திருப்பிய சுக்கான்

பல் மருத்துவரின் கணவனுக்குக் குளியல் தொட்டியில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும். அதனால் அவள் வாங்கிய பாய்மரப் படகில் அவன் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏறியவள் அவன் தங்கை. கல்யாணமான புதிதில் அண்ணி அவளுக்கு வைத்த செல்லப்பெயர் வாலு. இப்போது சொந்தமாக ஒரு முடிதிருத்தும் கடை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அண்ணிக்கு அவள் வாலுதான்.

"நீங்க வாயைத் திறக்க வெச்சு பேச விடமாட்டீங்க. நான் பேச விட்டுட்டே முடியை வெட்டுறேன். யாரு நல்லவ அண்ணி?" என்பாள்.

படகில் அண்ணி பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள். வாலு முன்னால் இருந்து சின்னப் பாயைக் கவனித்துக்கொள்வாள். அந்த ஏரியைச் சுற்றிலும் மலை. மலைக்கு நடுவே இரண்டு இடைவெளிகள். எதிலிருந்து எப்போது காற்று வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை நம்பிப் பாயை விரித்தால் இன்னொரு பக்கம் வந்து காலை வாரும். அந்தக் கண்ணாமூச்சியில் வருடா வருடம் ஜெயித்தது ஒரு வக்கீலின் படகு. வருடா வருடம் அண்ணியும் நாத்தனாரும் இரண்டாவது.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. காற்று முதுகுக்குப் பின்னால். வக்கீல் ஒரு படகு நீளம் முன்னே, பேச்சுக் கேட்கும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் பல் மருத்துவர் அதைப் பார்த்தாள். இடப்பக்கம் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. காற்று மாறப்போகிறது. வக்கீல் கவனிப்பதற்குள் பாயைத் திருப்பினால் கோப்பை தங்களுக்கு.

காற்று பின்னாலிருக்கும்போது பாயைத் திருப்பினால், பாயின் அடிக்கட்டை ஒரே வீச்சில் படகின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வரும். அதனால் சுக்கான் பிடிப்பவர் "திருப்புறேன், குனி!" என்று கத்த வேண்டும். முன்னால் இருப்பவர் "சரி" சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். படகு ஓட்டக் கற்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

ஆனால் தண்ணீருக்கு மேல் குரல் நன்றாகப் போகும். கத்தினால் வக்கீலும் திருப்பிவிடுவார்.

அவள் கத்தவில்லை. வாலு எப்படியும் பார்த்துவிடுவாள் என்று நினைத்தாள், அல்லது நினைக்க விரும்பினாள். சுக்கானைத் தள்ளினாள்.

வாலுவின் கண் வக்கீலின் பாய் மேல் இருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னதே அண்ணிதான். கட்டை அவள் இடது காதுக்குப் பின்னால் அடித்தது. பச்சை மரத்தை வெட்டுவது போன்ற சத்தம். படகுக்குள் சுருண்டு விழுந்தவள் ஒரு கையை மட்டும் தூக்கி, "ஒண்ணுமில்ல, போங்க!" என்றாள்.

அண்ணி போனாள். ஜெயித்தார்கள்.

கரையில் இறங்கியபோது வாலுவின் காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. உள்ளே எலும்பு விரிசல் விட்டுவிட்டது, இடது காது இனிக் கேட்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

"காத்து திடீர்னு மாறிடுச்சு, அண்ணி என்ன பண்ணுவாங்க?" பார்க்க வந்த எல்லோரிடமும் வாலு இதையே சொன்னாள். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். காற்றின் மேல் பழி போட்டால் அது வந்து மறுக்கவா போகிறது? முதல் நாள் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே.

கோப்பையை அண்ணியின் கணவன் கூடத்தில் வைத்தான். அவள் அதைத் துடைக்கும் சாக்கில் எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அவன் மறுபடி வெளியே வைத்தான்.

வாலு கடையைத் திறந்த பிறகு ஒருநாள் அண்ணி முடி வெட்டிக்கொள்ளப் போனாள். முந்தைய வாடிக்கையாளர் என்னவோ கேட்க, வாலு நாற்காலியைச் சுற்றி வந்து வலது காதைக் கொடுத்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சிரித்தாள். அண்ணி கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய முறை வந்தது. ஒரு பக்கம் வெட்டி முடித்திருந்தபோது வாலு சொன்னாள்: "ஒரு விஷயம் மனசைக் குடைஞ்சிட்டே இருக்கு அண்ணி. நீங்க கத்தியிருப்பீங்க. எனக்கு ஏன் கேக்கல? முன்னாடியே காதுல ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ? இல்ல, நான்தான் எங்கேயோ பராக்குப் பாத்துட்டு இருந்துட்டேனா?"

"நான் கத்தல."

"என்ன?" வாலுவின் இடது காதுதான் அண்ணியின் பக்கம் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. "நான் கத்தவே இல்ல வாலு. வக்கீலுக்குக் கேட்டுடும்னு சும்மா இருந்துட்டேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"என் வீட்டுக்காரர் உங்க மேல சந்தேகப்பட்டாரு. அவரோட சண்டை போட்டேன்" என்றாள் வாலு மெதுவாக. "இத்தனை நாளா என்னையே திட்டிட்டு இருந்தேன் அண்ணி. நீங்க பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சீங்க."

அண்ணி எழப் போனாள்.

"உக்காருங்க. பாதியில விட்டா என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

மீதி முடியை வழக்கமான அக்கறையோடு, அளவு பார்த்து வெட்டினாள். அடித்திருந்தால் தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது.

அன்று கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். படகுச் சங்கத்தின் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொல்லிக் கோப்பையை மேஜை மேல் வைத்தாள். சொந்த ஆளிடம் சொல்லாமல் திருப்பியதற்குத் தண்டனை என்று விதியில் எதுவும் இல்லை என்றார் செயலாளர். வக்கீல் கோப்பையைத் தொடவில்லை. "எனக்கு எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் வாலு ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் படகு ஒன்று வாங்கினாள். அண்ணி தன் படகை விற்றுவிட்டு, கவிழ்ந்தவர்களைத் தூக்கும் மோட்டார் படகில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தாள். குடும்ப விசேஷங்களில் இருவரும் பேசிக்கொண்டார்கள். உப்பு, பிள்ளைகள், வெயில், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு இரண்டு இடைவெளியிலிருந்தும் ஒரே நேரத்தில் காற்று வந்தது. வாலுவின் படகு புரண்டது. அண்ணி மோட்டாரை முடுக்கிக்கொண்டு பறந்தாள். கிட்டே போய் இயந்திரத்தை அணைத்தாள். வாலு கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"கை குடுக்கட்டுமா?"

"வேணாம்." மூச்சு வாங்கியது. தண்ணீரைத் துப்பினாள். "போயிடாதீங்க. அங்கேயே இருங்க."

படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று முழு எடையையும் போட்டு இழுத்தாள். முதல் தடவை படகு அசையவில்லை. இரண்டாவது தடவை பாய் தண்ணீரை உதறிக்கொண்டு மேலே வந்தது. உள்ளே ஏறி, சுக்கானைப் பிடித்து, எங்கிருந்து காற்று வருகிறதென்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிளம்பினாள்.

அண்ணி இயந்திரத்தை மெல்ல ஓட்டிக்கொண்டு, தன் படகின் அலை வாலுவின் படகை ஆட்டாத தூரத்தில், கரைவரை பின்னாலேயே போனாள்.